எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஒரு நாள் வீட்டை விட்டுப் போய்விட்டது. கோபித்துக்கொண்டு அல்ல. நான் கட்டிய லட்சணம் அப்படி.

எண்பதுகளின் தொடக்கம். தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டினேன். தோட்டத்து ஓரத்தில் ஒரு மேட்டை வெட்டி, தொழிலாளிகளுக்கு மனை பிரித்தார்கள். வெட்டிய மண்ணால் பக்கத்துப் பள்ளத்தின் ஓரத்தை நிரப்பினார்கள். கொட்டியவன் நான்தான். பழைய ரப்பர் மரத் தூர், வேர், கிளை எல்லாம் சேர்ந்து உள்ளே போனது. மேலே செம்மண்ணைப் பரப்பியதும் அழகாக இருந்தது. (பவுடர் போட்ட முகம் மாதிரி.)

எனக்கு விழுந்த மனையில் முன்பாதி வெட்டிய மண். பின்பாதி கொட்டிய மண். பலகை வீட்டை முன்பாதியில் நிறுத்தினேன். பின்னால், பள்ளத்து ஓரமாகச் சமையலறையை ஒட்டினேன். என் மனைவி பார்வதிக்காக. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், ஏழு வருஷம் என் அண்ணியோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். தனி அடுப்பைத் தவிர அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அவள் அண்ணன் முனியாண்டிக்கு லோபாக் பக்கம் வீடு கட்டுகிற வேலை. வந்து தரையை மிதித்துப் பார்த்தான்.

"மச்சான், வெட்டுன மண்ணு நிக்கும். கொட்டுன மண்ணு நடக்கும். பழைய தரை தட்டுற வரைக்கும் தோண்டித் தூணை எறக்கு. இல்லாட்டி முன்னால கட்டு."

"கொட்டுனவனே நான்தான். எனக்குத் தெரியாதா? லாரியே நிக்குது. அடுப்பு நிக்காதா?"

நான் இரண்டடி தோண்டினேன். சிமெண்டுத் தரை போட்டேன். கூரைத் தண்ணீர் பள்ளத்து விளிம்பில் விழும்படி தகரத்தைச் சாய்த்தேன். (அதையும் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.)

பால் காய்ச்ச நாள் குறித்தோம். அதற்கு முன் நாலு நாள் விடாத மழை. அன்று வெயில் அடித்தது. சமையலறைத் தரையில், விளக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். உருண்டு சுவரோரம் போனது. எடுத்து வைத்தேன். மறுபடி போனது. மூன்றாம் தடவை ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன்.

பால் பொங்கி, ஒரே பக்கமாகக் கிழக்கே வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். கிழக்கே பொங்கினால் நல்ல ராசி என்றார் அண்ணி. பார்வதி சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கிழக்கேதான் பள்ளம்.

முனியாண்டி பாலைப் பார்க்கவில்லை. சமையலறை வீட்டோடு ஒட்டும் இடத்தைப் பார்த்தான். ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

"பார்வதி, பால் சட்டியத் தூக்கிட்டு வாசலுக்கு வா. எல்லாரும் வாங்க."

வாசலில் நின்று பால் குடித்தோம். இரண்டாவது மடக்கில், பின்னால் அரிசி மூட்டையை இழுப்பது போலச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம். சமையலறை முதலில் உட்கார்ந்தது. பிறகு அடுப்போடு, விளக்கோடு, அவசரமில்லாமல் கிளம்பியது. பாதிச் சரிவில் ஒரு ரப்பர்த் தூர் தடுத்தது. (அதுவும் நான் கொட்டியதுதான்.)

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்வதி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அண்ணே, கொட்டுன மண்ணு நடக்கும்னுதான சொன்ன. இது ஓடுதுலா."

முதலில் சிரித்தது முனியாண்டி.

அடுத்த மாதம் அவனும் நானும் வீட்டுக்கு முன்னால், வெட்டிய மண்ணில் அவளுக்கு ஒரு சமையலறை கட்டினோம். அவன் சொன்ன இடத்தில் தோண்டினேன். இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அடுப்பைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

அன்றிலிருந்து சொந்தத்தில் யார் புதுவீடு போனாலும், பால் வைக்குமுன் பார்வதி தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைப்பாள். அது அசையாமல் நின்றால்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். இப்போது இளசுகளும் செய்கிறார்கள். ஏதோ பழைய சாத்திரம் என்று நினைப்பு. எந்தச் சாமிக்கு என்று மருமகள் ஒரு தடவை கேட்டாள்.

பார்வதி என்னைக் கை காட்டினாள்.