இரண்டாவது ரேடியேட்டரின் மகிமை

வானத்தை வென்றவர்கள் விமானிகள் என்று ஒரு தவறான கருத்து உலகெங்கும் பரவியிருக்கிறது. விமானி செய்வதெல்லாம் மேலே போய்விட்டுக் கீழே வருவதுதான். அதில் பாதியை மழைகூடச் செய்கிறது. வானத்தை உண்மையில் வென்றது பராமரிப்புக் கமிட்டி. நான் அப்படிப்பட்ட ஒரு கமிட்டியின் செயலாளன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செயலாளன் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் சங்கம் விஸ்கான்சினில், கிரீன் பே வளைகுடாவின் மேற்குக் கரையில், ஒரு புல்தரை ஓடுபாதையின் ஓரத்தில் இயங்குகிறது. உறுப்பினர்கள் தங்கள் விமானங்களைத் தாங்களே கட்டுகிறார்கள். அப்படிக் கட்டியதை ஆண்டுக்கொருமுறை தாங்களே சோதித்து, தாங்களே திருப்தியடைந்து, தாங்களே கையெழுத்துப் போடச் சட்டம் இடம் தருகிறது. பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்தும் இந்த முறையில் இதுவரை ஒருவரும் தோற்றதில்லை.

ஹார்லன் தீல் கறவை இயந்திரம் விற்று ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய இருவர் விமானத்துக்கு எஞ்சின் தேவைப்பட்டபோது, மனைவி வெர்னாவின் காரிலிருந்து அதைக் கழற்றினார். பதினாறு வருடம் வழியில் ஒருமுறைகூட நிற்காத எஞ்சின் அது. நேரத்துக்கு எண்ணெய் மாற்றியதைத் தவிர வெர்னா அதற்கு எதுவுமே செய்ததில்லை. இவ்வளவு 'அலட்சியமாக' வளர்க்கப்பட்ட எஞ்சினைக் கமிட்டி கண்ணீர் மல்கத் தத்தெடுத்துக்கொண்டது.

எஞ்சினைக் கழற்றிய அன்று ஹார்லன் ஒரு வாக்குக் கொடுத்தார். வளைகுடாவின் அக்கரையில் வெர்னாவின் அக்கா ஆர்டிஸ் இருக்கிறார். ரோட்டில் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம். "இனிமே உன்ன இருபதே நிமிஷத்துல, தண்ணி மேலயே கொண்டுபோய் இறக்கறேன் பாரு" என்றார் ஹார்லன். மூன்று கோடைக்காலங்கள் போயின. வெர்னா இன்னும் இக்கரையில்தான் இருந்தார்.

இதற்குக் காரணம் அசிரத்தை அல்ல. அளவு கடந்த சிரத்தை.

முதல் கோடையில், ஒரு புழுக்கமான மதியம், எஞ்சினின் சூடு லேசாக ஏறியது. கமிட்டி கூடியது. குளிரூட்டும் பிரிவின் தலைவர் எமில் ப்ரூஸ்கி இரண்டாவது ரேடியேட்டர் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வெப்பமானி. வெப்பமானி வேலை செய்கிறதா என்று சொல்ல ஒரு சிவப்பு விளக்கு. விளக்குக்கு இரண்டாவது பேட்டரி. அந்த பேட்டரி சூடாகாமலிருக்க ஒரு மின்விசிறி. விசிறி நின்றுவிட்டால் தெரிவிக்க இன்னொரு விளக்கு.

அடுத்த கோடையில் விமானம் ஒரு சோளக்கொல்லைக்கு 'முன்னறிவிப்பற்ற நல்லெண்ண விஜயம்' மேற்கொண்டது. ஹார்லனுக்குக் காயமில்லை, சோளத்துக்கு மட்டும் கொஞ்சம். விசாரித்ததில், விளக்கின் கம்பி உரசி எரிபொருள் பம்பை நிறுத்திவிட்டது தெரிந்தது. எஞ்சின்மீது எந்தக் குற்றமும் இல்லை. விளக்குதான் குற்றவாளி. ஆகவே கமிட்டி மேலும் நான்கு விளக்குகளைப் பொருத்தியது.

என் பங்கும் உண்டு. கமிட்டி உறுப்பினர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றை எஞ்சின் அருகில் பொருத்தச் செய்தேன். அது அதிர்வைக் குறைக்கிறது. குறைக்கவில்லை என்று இதுவரை யாரும் நிரூபித்ததில்லை.

வெர்னா இந்தக் கமிட்டியில் இல்லை. பதினேழு வயதிலேயே தன் அப்பாவின், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை ஓட்டியவர். இன்றும் லைசென்ஸை விடாமல் புதுப்பித்து வருபவர். ஹார்லனுக்குத் தரையிறங்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஆனால் சங்கம் அவரிடம் இதைவிட உயர்ந்த பொறுப்பை ஒப்படைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் காலையில் உறுப்பினர்களுக்குப் பான்கேக் சுடுவது.

இந்த ஆகஸ்டில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அறிவித்தார்.

"வர்ற சனிக்கிழமை ஆர்டிஸுக்கு எழுபது. நான் பறந்துதான் போவேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை என் எஞ்சின் என் காருக்குள்ள இருக்கணும்."

எமில் பான்கேக்கை விழுங்க முடியாமல் தவித்தார். "காருக்குள்ளயா? இவ்வளவு தூரம் கொண்டுவந்த எஞ்சினயா?"

"எவ்வளவு தூரம் எமில்? சோளக்கொல்ல வரைக்குமா?"

நாங்கள் உடனே செயலில் இறங்கினோம். இத்தனை சாதனங்களைச் சேர்த்தபின் விமானத்தை மறுபடி எடைபோட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை மாலை, மூன்று சக்கரங்களின் கீழும் மூன்று தராசுகள் வைத்தோம். கணக்குப் பிரிவின் தலைவர் கிளீட் வாண்டர்ஹே பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கூட்டினார், கழித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கழித்தார்.

"ஆளுங்களுக்கு மிச்சம் இருநூத்தி நாப்பது பவுண்டு."

"ஹார்லன், நீ எவ்வளவு?" என்றார் எமில்.

"ஒரு... இருநூறு இருக்கும்."

"இது மனுஷங்க எட போடற தராசு இல்லப்பா, பொய் சொல்லாது. ஏறி நில்லு."

ஹார்லன் ஏறி நின்றார். இருநூற்று முப்பத்தாறு.

"ஆக, வெர்னாவுக்கு மிச்சம் நாலு பவுண்டு" என்றார் கிளீட்.

எல்லாரும் வெர்னாவைப் பார்த்தோம். அவர் அக்காவுக்காகச் செய்த உருளைக்கிழங்கு சாலட்டை மடியில் வைத்துக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எமில் நம்பிக்கையோடு கேட்டார்: "அந்த சாலட் எவ்வளவு?"

"ஆறு பவுண்டு."

"சின்ன டப்பால போட்டா போயிடும்."

"சாலட் போயிடும். நானு?"

எதையாவது கழற்றலாம் என்று கிளீட் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் கண் ரேடியேட்டர் மேல் இருந்தது.

எமிலின் முகம் சிவந்தது. "எதக் கழட்டறது? அது இல்லாம ஒரு பொம்பளைய தண்ணி மேல அனுப்புவியா? மனசாட்சி இருக்கா உனக்கு? உன் பேட்டரி விசிறியக் கழட்டு."

"விசிறி இல்லேன்னா பேட்டரி கொதிக்கும்."

"பேட்டரியவே கழட்டு."

"அப்ப உன் விளக்கெல்லாம் எதுல எரியும், உன் மண்டையிலயா?"

"செக்ரட்டரியோட பித்தளத் தகடு ஒம்பது பவுண்டுய்யா" என்றது ஒரு குரல். யார் குரல் என்று நான் குறித்துக்கொண்டேன். அந்த யோசனையை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றவில்லை.

ஹார்லன் பாவம், ஒரு ஓரமாக நின்று பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். "பெட்ரோலக் கொறச்சா என்ன?" என்றார்.

"நடு வளைகுடாவுல பங்க் இருக்கா?" என்றார் வெர்னா.

அப்போதுதான் எமிலுக்கு அந்த மேதைமை வாய்ந்த யோசனை உதித்தது. பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் இப்படித்தான், களைத்துப்போன மூளையிலிருந்து தானாகக் கழன்று விழுகின்றன.

"ரெண்டு நடையா போங்களேன்" என்றார். "மொத நடையில ஹார்லன். ரெண்டாவது நடையில வெர்னா. ரெண்டு பேரும் தனித்தனியா எடைக்குள்ளதான வர்றாங்க?"

கிளீட் கணக்குப் போட்டுப் பார்த்தார். "வருது" என்றார் வியப்போடு. "வெர்னா, நீ எவ்வளவு?"

"நூத்தி இருபத்தொண்ணு."

"தாராளமா வருது."

ஏகமனதாகக் கைகளை உயர்த்தினோம். நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தைப் பாதி எழுதியிருப்பேன், கிளீட்டின் பென்சில் நின்றது.

"இரு இரு. அந்த ரெண்டாவது நடைய யாரு ஓட்டறது?"

"நான்தான்" என்றார் வெர்னா. சாலட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அது சரி, மொத நடை எதுக்கு?"

ஹார்லன் பெல்ட்டை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"வெர்னா," என்றார் ஹார்லன் மெதுவாக, "அந்த எஞ்சின் முன்ன மாதிரி இல்ல. அதோட போக்கு உனக்குத் தெரியாது."

"பதினாறு வருஷம் நான் ஓட்டின எஞ்சின் ஹார்லன். உன் போக்குதான் எனக்கு இன்னும் பிடிபடல."

சனிக்கிழமை காலை முதன்முறையாகப் பான்கேக் இல்லை. வெர்னா விமானத்தைச் சுற்றிவந்து எஞ்சின் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்துத் துடைத்தார். குனிந்து எதையோ திருகினார். பிறகு சாலட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்து அதற்கு இடுப்புப் பட்டை மாட்டினார். மூன்று வருடமாக அந்த இருக்கையில் ஏறிய முதல் பயணி அந்த சாலட்தான்.

நாங்கள் ஓடுபாதை ஓரமாக, உயர வரிசைப்படி நின்று கையசைத்தோம். விமானம் ஓடுபாதையின் பாதியிலேயே எழும்பியது. இதற்குமுன் அது அப்படி எழும்பி நாங்கள் பார்த்ததில்லை. ஹார்லன் வழக்கமாக வேலிவரை போவார். தண்ணீருக்கு மேலே அது புள்ளியாகும்வரை ஹார்லன் தொப்பியை நசுக்கிக்கொண்டே நின்றார். அவருடைய உதடுகள் அசைந்தன. அது ஜெபமா, சூட்டு அளவா, தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. ஹார்லன் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வந்து சேந்துட்டேன். ஆர்டிஸ் அழறா. சாலட் நல்லாருக்காம்."

ஹார்லன் பேசுவதற்குள் எமில் முந்திக்கொண்டார். "எந்தெந்த விளக்கு எரிஞ்சுது வெர்னா?"

"தெரியல."

"எப்படித் தெரியாம போகும்?"

"எல்லாமா சேந்து கண்ணக் கூசுச்சு. ஸ்வெட்டரக் கழட்டி மேல போட்டுட்டேன்."

எமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ரேடியேட்டர்? ரெண்டாவது ரேடியேட்டர்?"

"அதோட வால்வ மூடிட்டுத்தான் கெளம்பினேன். சூடெல்லாம் காருல இருந்த அளவுதான். ஹார்லன், திரும்பி வரும்போது ஆர்டிஸும் வர்றா. அவ தொண்ணூத்தஞ்சு பவுண்டுதான். எடம் தாராளமா இருக்கு."

ஒரு விமானம் குறித்த இடத்துக்கு, குறித்தபடி, கொல்லை எதிலும் இறங்காமல் போய்ச் சேர்வது எங்கள் சங்கத்துக்குப் புதிய அனுபவம். அன்று மதியமே அவசரக் கூட்டம் போட்டு, இந்த வெற்றிக்கு என்ன காரணம் என்று ஒரு விசாரணை தொடங்கினோம்.

"புதுசா எதையும் மாத்தினோமா?" என்றார் கிளீட்.

"ஒண்ணும் மாத்தல" என்றார் ஹார்லன். "என்ன மட்டும் எறக்கினோம்."

நண்பரின் தன்னடக்கம் என்னை நெகிழ வைத்தது. ஆனால் முழுப் பழியையும் ஒருவர் தலையில் போடுவது கமிட்டிக்கு அழகல்ல. ஆகவே செயலாளன் என்ற முறையில் விசாரணை முடிவை நானே இங்கே பதிவு செய்கிறேன்: அந்த எஞ்சினின் கோளாறுகள் அனைத்தும் அன்று தரையிலேயே தங்கிவிட்டன, ஓடுபாதை ஓரமாக, உயர வரிசைப்படி நின்று, கையசைத்து வழியனுப்பின.