தாய்மாமன் வீட்டு முட்டை

மாமியாரைச் சமாளிப்பது எப்படி என்று கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் பாக்கி இல்லை. மாமியாரின் கோழிகளைச் சமாளிப்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மானம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்காது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. வீட்டுக்குப் பின்னால் அத்தையின் நாட்டுக்கோழிகள். (அத்தை என்றால் மாமியார். முன்னால் அப்படிக் கூப்பிடுவேன், பின்னால் வேறு மாதிரி.) அந்தக் கோழிகளிடம் அத்தை பேசிய அளவுக்கு என்னிடம் பேசியதில்லை.

புரட்டாசி பிறந்ததும் கோழிகள் இறகு உதிர்த்தன. கழுத்து மொட்டை, வால் மொட்டை. வருஷா வருஷம் நடக்கிற சங்கதி என்பது எனக்குத் தெரியாது. நான் விலங்கியல் பட்டதாரி. தவளையை அறுத்துப் பார்த்ததோடு படிப்பு முடிந்துவிட்டது. எச்சத்தில் நூல் நூலாகப் புழுவைக் கண்டதும் கைகால் ஓடவில்லை. அத்தையோ மம்சாபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் சிரித்தார். “இறகு உதிர்க்கது நோய் இல்லம்மா. பழச உதுத்துட்டுப் புதுசு முளைக்கும், அம்புட்டுதான். ஆனா புழு இருக்கது நெசம். மருந்து குடுக்க இதான் நல்ல நேரம். இறகு உதிர்க்கிற கோழி அநேகமா முட்டை போடாது. தப்பித் தவறிப் போட்டுச்சுன்னா, நான் சொல்லுற வரைக்கும் யாரும் அதத் தின்னக் கூடாது. மருந்து முட்டையிலயும் எறங்கும்.”

தண்ணீரில் மருந்தைக் கலந்து கொடுத்தேன். அத்தை திரும்பி வந்தபோது நான் அதைச் சொல்லவில்லை. அவருக்குப் பூண்டும் வேப்பிலையும்தான் மருந்து. இங்கிலீஷ் மருந்து தின்ற கோழி கோழியே இல்லை என்பார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும், கருப்பி மட்டும் இல்லாதிருந்தால். மற்றதெல்லாம் மொட்டையாகத் திரிய, அவள் ஓர் இறகைக்கூட உதிர்க்காமல் விறகுக்கட்டுக்குப் பின்னால் முட்டையாகப் போட்டுத் தள்ளினாள். முதல் முட்டையை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பக்கத்து வீட்டு நாய் தோண்டி எடுத்து எங்கள் வாசலில் வைத்தே தின்றது. (எங்கள் ஊர் நாய்களின் வீரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். திருட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.) அதன்பிறகு வந்த முட்டைகளைப் பரணில் கிடந்த பழைய அண்டாவில் தவிட்டுக்குள் ஒளித்தேன். வெளியே போகிற அன்று கண்மாய்ப் பக்கம் எறிந்துவிடலாம் என்று கணக்கு. புது மருமகளைத் தனியாக யார் வெளியே விட்டார்கள்?

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சேதி வந்தது. நாத்தனார் மகள் செல்வி பெரியவளாகிவிட்டாள். மறுநாள் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை கிளம்பிப் போயிருந்தார். வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அம்மா அண்டா எடுக்கப் பரண்ல ஏறுச்சு. உள்ள பாத்தா முட்டை! செல்விக்குன்னு நீ சேத்து வச்சிருக்கன்னு நெனச்சு அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ‘எம் மருமக சொல்லாமச் செய்யுதவ’ன்னு சொல்லிக் கூடையில அள்ளிட்டுப் போயிருக்கு.”

எங்கள் பக்கம் பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலம். அதுவும் தாய்மாமன் வீட்டு முட்டை என்றால் தனி மரியாதை. தாய்மாமன் வேறு யார்? எதிரே நின்று பொத்தான் போட்டுக்கொண்டிருந்த இவர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். “நீ மொதல்ல போ. நான் சீர் சாமான் வாங்கிட்டுப் பின்னால வாரேன்” என்றார். (அவருடைய அம்மாவிடம் என்னைத் தனியாக அனுப்பி அவர் தப்பித்த முதல் சம்பவம் அது.)

அன்று புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்கப் போகிற கூட்டம் பஸ் படிக்கட்டு வரை தொங்கியது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. புரட்டாசி சனியில் முட்டையைத் தொடுவார்களா? மாட்டார்கள். பெருமாளே காப்பாற்றினார் என்று கம்பியைப் பிடித்தபடி கும்பிட்டேன். பஸ்ஸோ ஆளைக் கண்ட இடமெல்லாம் நின்றது.

“அண்ணே, செத்த வெரசாப் போங்களேன்” என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

“பெருமாள் எங்கயும் போயிற மாட்டாரும்மா” என்றார் அவர்.

இறங்கி ஓடினேன். நாத்தனார் வீட்டுத் தெருமுனையிலேயே அத்தையின் குரல் கேட்டது. “சனிக்கிழமையாவது ஒண்ணாவது! வயசுக்கு வந்த புள்ளைக்கு இது மருந்துல்லா? பெருமாள் கோவிச்சுக்கிட மாட்டாரு, குடிட்டி.”

உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாயில் செல்வி. ஒரு கை மூக்கைப் பிடித்திருந்தது. மறுகையில் இருந்த டம்ளர் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“குடிக்காத!” என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை மலர்ந்துபோய், “இந்தா வந்துட்டா! பொத்திப் பொத்திச் சேத்து வச்சவ இவதான்” என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் சபையில். உண்மையைச் சொன்னால் புகழ் போகும், சொல்லாவிட்டால் பிள்ளையின் வயிறு என்ன ஆகும்? செல்வி கண்ணை இறுக்கி மூடி டம்ளரைச் சாய்த்தாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடித்துவிட்டேன்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். “பிள்ளைக்குக் குடுத்ததப் பிடுங்கிக் குடிக்கிய?”

“பரவால்ல, நெறய இருக்கு” என்று அத்தை அவசரமாக இன்னொன்றை உடைத்து ஊற்றினார். அதையும் வாங்கிக் குடித்தேன். செல்வியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மூன்றாவது டம்ளர் பாதியில் இருக்கும்போது குடல் புரண்டது. முற்றத்துக்கு ஓடினேன்.

நான் ஓங்கரித்துக்கொண்டிருக்கையில் பின்னாலிருந்து ஒரு குரல், “அட, மசக்கை!” என்றது. அவ்வளவுதான். வீடே குலவை போட்டது. அத்தை என் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். “எந்தாயி, வயித்துல வச்சுக்கிட்டா இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்த?” அந்த நேரம் பார்த்துச் சீர்த் தட்டோடு உள்ளே நுழைந்த என் வீட்டுக்காரரின் வாயில் யாரோ சீனியைக் கொட்டினார்கள். அவர் எதற்கென்று கேட்காமலே தின்றார்.

மிச்ச முட்டைகள் கூடையில் இருந்தன. ராத்திரிக்குச் செல்விக்குக் கொடுக்கலாம் என்று நாத்தனார் கூடையை எடுத்தார். இனி என்ன புகழ், என்ன மானம்! அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் கொட்டிவிட்டேன்: புழு, மருந்து, டாக்டர், கருப்பி, நாய், பரண். கடைசியில், “மசக்கையும் இல்ல அத்தை” என்றேன். குலவை போட்டவர்கள் ஒவ்வொருவராகச் சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அத்தை என்னை நேராக மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். எனக்கு வைத்தியம் பார்க்கத்தான். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குடிச்ச மருந்து ரொம்பக் கொஞ்சம், பயப்பட ஒண்ணுமில்ல. அத்தன நாளு பரண்ல கெடந்த முட்டையப் பச்சையாக் குடிச்சீங்க பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து” என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், “ஒருவேள உங்களுக்கும் வயித்துல புழு இருந்திருந்தா போயிருக்கும்” என்றார். அதற்கு அத்தைதான் முதலில் சிரித்தார். என்னோடு சேர்ந்து அவர் சிரிக்க ஆரம்பித்ததும் அன்றுதான்.

செல்விக்கு இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அவள் பெரியவளான அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். முட்டையை உடைத்து எண்ணெய் ஊற்றிய டம்ளரைச் செல்வி மகளிடம் கொடுக்கவில்லை. சபையைத் தாண்டி நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“மொதல்ல நீங்க அத்தை. நீங்க உசுரோட இருந்தா பொறவு பிள்ளைக்குக் குடுப்போம்.”