நான் புறக்கணித்த ஞானஸ்நானம்

அயல்நாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவர்கள் அந்த மொழியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்ப வேண்டும். நான் அதைப் பெங்களூரில் ரயிலேற்றி, எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் வரை கொண்டுவந்துவிட்டேன்.

ஜனநாயகத்துக்கான உச்சி மாநாடு என்று அமெரிக்கா ஒன்றைக் கூட்டிய டிசம்பர் அது. அழைக்கப்பட்ட நம் பக்கத்து நாடு ஒன்று கலந்துகொள்ள மறுத்தது. நன்றி, உறவை மதிக்கிறோம், உரிய தருணத்தில் பேசலாம் என்கிற பொருளில் ஓர் அறிக்கை. காரணம் அதில் இல்லை. நெருங்கிய பெரிய நண்பனுக்கு அழைப்பில்லாததுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. மொழிபெயர்த்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. (முப்பது வயதுகூட ஆகவில்லை. சிலிர்க்கும்.)

அதே வாரம் ஞாயிறன்று, பக்கத்துப் பேட்டையான பாலகாட்டில் என் தங்கை ஸ்டெல்லாவின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவன் நான். வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. குழந்தையை நழுவவிடக் கூடாதென்று தினமும் தலையணையை ஏந்திப் பழகியிருந்தேன். ஆனால் எங்கள் அண்ணனுக்கு அழைப்பில்லை. கேரம் ஆட்டத்தில் தங்கையின் கணவரோடு சண்டை போட்டுப் பேச்சு நின்றிருந்தது. நான் குடியிருந்ததோ அண்ணன் வீட்டில்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "அழைப்புக்கு நன்றி. உங்களுடனான உறவை மதிக்கிறோம். இதுபற்றி உரிய தருணத்தில் பேசலாம்."

ஸ்டெல்லா உடனே போன் செய்தாள்.

"மதிக்கிறோம்னு போட்டுகீற. நீ ஒருத்தன்தானேண்ணா? இன்னா, கவர்மெண்டா நீ?"

"எல்லாம் அதுலயே இருக்கு."

"புள்ளையத் தூக்கினு நிக்க வருவியா, மாட்டியா? அத்த சொல்லு."

"அதுக்கு மேல சொல்றதுக்கில்ல."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். இனி அண்ணனையும் அழைத்துத்தான் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான்.

ஞாயிறு காலை போனை அணைத்துவிட்டு, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் நடந்தேன். (மேற்கொண்டு கருத்துச் சொல்ல மறுப்பது என்றால் இதுதான்.) மதியம் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஆணியில் தொங்கிய என் வெள்ளைச் சட்டையைக் காணவில்லை.

சாயங்காலம் அது அண்ணன் உடம்பில் திரும்பி வந்தது. கையில் பிரியாணிப் பொட்டலம்.

"நீ வரலன்ட்ட. புள்ளைக்கு ஒருத்தர் நிக்கணும்ல? மாப்ளயே வண்டி எடுத்துனு வந்து கூப்ட்டாரு."

"உனக்காகத்தாண்ணா நான் போகல."

"நான் கேட்டனாடா?" என்றார். "சாப்புடு, ஆறிடப் போவுது."

ஞானத்தகப்பனைப் பிறகு மாற்ற முடியாது. தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அண்ணன்தான் குழந்தையை ஏந்தி நிற்கிறார். என் தரப்பில் சட்டை மட்டும் கலந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் தன் பிறந்தநாளுக்கு அவளே என்னைப் போனில் அழைத்தாள். பின்னால் வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"மாமா, நீ வர்றியா, இல்ல மதிக்கிறியா?"