நுனி அண்ணாச்சியின் சீரியல் மரம்

கோவில்பட்டியில் ஒரு கேள்விக்கு ஒரே பதில் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது நுனி அண்ணாச்சிதான். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், "காலையிலயா, மதியமா?" என்பார். காலை என்றால், "வீட்டுலயா, கடையிலயா?" ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது கிளையில் எனக்கே பசித்துவிட்டது.

என் வீட்டுக்குக் கீழே, கோவில் கொடைத் திருவிழாக்களுக்குச் சீரியல் லைட் பலகை கட்டும் கொட்டகையில் அவர் டிசைனர். மற்றவர்கள் மயில் வரைவார்கள். இவர் வரைய மாட்டார், விதி எழுதுவார். முதலில் இருப்பது 'நுனி' என்ற ஒரே சொல். 'நுனி' என்று இருக்கும் இடத்திலெல்லாம் அதை அழித்துவிட்டு, ஒரு கொம்பு, இடப்பக்கம் ஒரு நுனி, வலப்பக்கம் ஒரு நுனி என்று எழுத வேண்டும். வந்ததை மறுபடியும் அதே விதிக்குள் போட வேண்டும். இப்படி நீளும் சொற்சரத்தைக் கம்ப்யூட்டர் படித்துக் கோடு இழுக்கும். முதலில் விளக்குமாறு வந்தது. கிளை பிரியும் கோணத்தை மாற்றினார், முள்ளம்பன்றி வந்தது. சுற்றுக்குச் சுற்று கொம்பு குட்டையாக வேண்டும் என்று சேர்த்த பிறகே மரம் வந்தது. ஆறாம் சுற்றில் அறுபத்து நான்கு நுனி. நான் எண்ணிவிட்டேன்.

கொட்டகை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணாச்சி, எப்போதும்வென்றான் ஊருப் பக்கத்துக் கொடைக்கு உங்க மரம் போகட்டும். ஊர்க்காரவிய மூஞ்சி சுளிச்சாவன்னா, இனி மயிலு மட்டுந்தான். ஏலாதுன்னா வேற கொட்டகை பாத்துக்கோங்க."

அண்ணாச்சி "சரி" என்றார். அவர் வாயிலிருந்து ஒற்றைப் பதில் வந்ததும் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது.

தண்டும் வலக்கிளையும் பெரிய லாரியில் ஏறின. இடக்கிளையோடு அண்ணாச்சி, முதலாளி, கவலையில் தொற்றிக்கொண்ட நான் மூவரும் மினி லாரியில். மழை வரும் என்று நான் நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரும் சிரித்தார்கள். மழை வந்தது. பெரிய லாரி டிரைவர் குறுக்குவழி என்று வண்டியைக் கரிசல் காட்டில் இறக்கியிருக்கிறார். நனைந்த கரிசல் மண் வண்டியை அச்சுவரை விழுங்கிவிட்டது. இழுக்க வந்த டிராக்டரையும் விடவில்லை.

தார்ரோட்டில் போன நாங்கள் ஒற்றைக் கிளையோடு கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேளம் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"எதுக்கு உக்காந்துட்டிய?" என்றார் அண்ணாச்சி. "அந்தக் கிளைய நிமுத்தி நடச் சொல்லுங்க."

நட்டு, சுவிட்சைப் போட்டார்கள். கிளையின் அடிக்கொம்பு தண்டாக நின்றது. அதிலிருந்து இரண்டு, அவற்றிலிருந்து நான்கு என்று பிரிந்து, முப்பத்திரண்டு நுனியோடு முழு மரம். அளவுதான் சிறிது.

"மயிலுல ரெக்கைய மட்டும் நட்டா ரெக்கைதான் நிக்கும்," என்றார் அண்ணாச்சி. "இதுல எந்தக் கிளைய நட்டாலும் மரந்தான்."

ஊர்த்தலைவர் அண்ணாந்து பார்த்தபடி வந்தார்.

"வாசலுக்குத் தக்கன செஞ்சிருக்கிய," என்றார் அவர். "பெருசா கொண்டாந்து கோவில மறைச்சிருவியளோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம். அடுத்த கொடைக்கும் இதையே வைங்க."

முதலாளி அதன்பிறகு மயில் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, கீழே அண்ணாச்சி கொட்டகைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. படுத்தபடியே என் கவலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்திருந்தது.