மோட்டார் இல்லாத வேலை

இனி மோட்டார் உள்ள எதையும் தொடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது, கைக்கு ஓய்வு கொடுத்தது போதும், இனி வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு.

அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒருநாள் நாற்பதாம் பக்கத்தில் ஒற்றுப்பிழையைச் சுழித்தேன், அப்படியே சுருண்டேன். நாடி நிமிஷத்துக்கு முப்பத்திரண்டுதானாம். இடது தோள்பட்டைக்குக் கீழே இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். பிழை திருத்துபவன் பிழைத்தேன். மூன்று நாள் என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மனைவி. என்னைவிட அவள்தான் இளைத்துப்போனாள்.

வீட்டில் ஆறு வாரம் ராஜ வாழ்க்கை. ஏழாம் வாரம் அழுக்குக்கூடையோடு வந்தாள்.

"ஏங்க, இதை மெஷின்ல போட்டுடுங்க."

"மெஷின்ல மோட்டார் இருக்கு."

"அதுக்கு?"

"மோட்டார்ல காந்தம் இருக்கு. என் நெஞ்சுல என்ன இருக்கு?"

அவள் முகம் சுருங்கியது. கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அன்று மதியம் நன்றாகவே தூங்கினேன்.

மிக்ஸிக்கும் அதையே சொன்னேன். இஸ்திரிப் பெட்டியில் மோட்டார் இல்லை, இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, பட்டியல் எழுதிய ஒரு தாளோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதை யோசிச்சேன். பயமா இருக்குங்க. உங்க போன்லயும் காந்தம் இருக்காமே."

"போன் பரவாயில்ல."

"நெஞ்சு விஷயம். பரவாயில்லன்னு விட முடியுமா?"

போன் அவள் பீரோவுக்குள் போனது. ஸ்கூட்டர் சாவியும் போனது. டி.வி.க்கும் எனக்கும் நடுவில் பத்தடி விட்டாள். ஹாலே ஒன்பதடிதான். மிச்சத்துக்கு வராந்தாவில் உட்கார்ந்தேன்.

"சும்மாவே இருந்தா உடம்பு கெட்டுடும். பக்கெட்ல மோட்டார் இருக்கா?"

"இல்ல."

"தொடப்பத்துல?"

கேள்வி போகிற வழி புரிந்தது. ஆனால் தொடப்பத்தில் மோட்டார் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

மூன்று வாரம் துவைத்தேன், பிழிந்தேன், பெருக்கினேன். போர்வையைப் பிழிந்தேனா, போர்வை என்னைப் பிழிந்ததா என்று தெரியாது. செக்கப் நாளுக்காகக் காத்திருந்தேன். பொய் சொன்னவனே போய் உண்மையைச் சொன்னால் கேவலம். அதுவே ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் கௌரவம்.

பரிசோதிக்கும் பெண் என் நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். நான் அப்பாவியாகத் தொண்டையைச் செருமினேன்.

"ஏம்மா, வாஷிங் மெஷின், போன் எல்லாம் நான் தொடலாமா?"

"தாராளமா சார். போனை மட்டும் சட்டைப் பையில வைக்காதீங்க. உங்க வீட்டம்மா போன மாசமே போன் பண்ணிக் கேட்டாங்களே, சொல்லலையா?"

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ தெரிஞ்சேதான்…" என்றேன்.

"நீங்களும் தெரிஞ்சேதான்," என்றாள்.

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேஸ்மேக்கர் நடமாட்டத்தையும் பதிவு பண்ணும். மூணு வாரமா உங்களுக்கு அது நல்லா கூடியிருக்கு சார். என்ன பண்ணீங்களோ, அதையே விடாம பண்ணுங்க."

"அதைச் சீட்டுல எழுதிக் குடுத்துடும்மா," என்றாள் மனைவி.

அந்தப் பெண் எழுதியும் கொடுத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்ததும் வெள்ளைக்கொடி காட்டினேன். "சரி, தப்பு என்னுதுதான். நாளையிலேர்ந்து மெஷின்ல நானே போட்டுடறேன்."

"எந்த மெஷின்? அதை நீயே எடுத்துக்கோன்னு என் தங்கச்சிகிட்ட வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு வந்தேன். இந்நேரம் வண்டியில ஏத்தியிருப்பா. உங்க நெஞ்சைவிட மெஷின் பெருசாங்க?"