கைக்கண்ணாடியில் தெரிந்த சென்னைத் துறைமுகம்

786

நாகப்பட்டினத்துக்கு இரண்டு மைல் கிழக்கே, கடலில்
15-6-1960, காலை மணி 7

கண்ணியமிகு மாமா வாவு முகம்மது அவர்களின் சமூகத்துக்கு மருமகன் சதக்கத்துல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம், தங்கள் நலத்துக்கு எழுதவும் என்று கேட்பதுதான் முறை. ஆனால் இரண்டாம் அதிகாரியிடம் தொலைநோக்கியை வாங்கிக் கரையை இப்போதுதான் பார்த்தேன். கறுப்புக் குடையும் வாடகைக் காருமாக நீங்கள் நிற்பது தெரிகிறது. நேராக நிற்கிறீர்கள், ஆகவே நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வீரபத்திரனின் படகிலேயே தங்கள் மகள் மெஹருன்னிசாவும், தாயில்லாத அவளை வளர்த்த ஜுனைதா பெரியம்மாவும் வருகிறார்கள். புதுமடத்தில் நாம் பேசிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். "மெட்ராஸ்ல ஏத்துங்க மாப்பிள்ளை. நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு பொழுது பார்ப்போம். புள்ளைக்குப் பிடிச்சிருந்தா பினாங்கு வரை கூட்டிப் போங்க. பிடிக்கலேன்னா நான் கரையில நிப்பேன், இறக்கி விட்டுருங்க" என்றீர்கள். துணைக்கு அதுவரை பெரியம்மா வரட்டும் என்றீர்கள். இரண்டுக்கும் தலையாட்டினேன். இப்போது சோதனை ஓட்டம் முடிந்தது. தோல்வி. ஆகவே பேச்சு மாறாமல் இறக்கிவிடுகிறேன். எந்த உறுப்பு பழுது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பழுது உங்கள் மகளிடம் இல்லை.

எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் நான் வீட்டில் இருந்தது மொத்தம் நாற்பத்தொரு நாள், அதிலும் பத்து நாள் அம்மைக் காய்ச்சல். கப்பலில் பொறியாளர்களின் மனைவியை ஒரே ஒரு பயணத்துக்கு அனுமதிப்பார்கள். அந்த அனுமதிக்கு நான் ஆறு விண்ணப்பம் எழுதினேன். சேர்ந்தாற்போல் இருபது நாள் இவளோடு இருக்கலாம், நான் என்ன வேலை செய்கிறேன் என்று இவளும் பார்ப்பாள் என்று ஆசை. ஆனால் புதுமடத்துக் கடலை விட்டு வேறு கடல் பார்க்காதவள், கப்பல் கிளம்பும்போது கரை விலகுவதைப் பார்த்து மிரண்டுவிட்டால் என்ன செய்வது? கண்ணுக்கு வேலை கொடுத்தால் மனம் மிரளாது என்று யோசித்து, சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் வெளியேறும்போது கரையில் என்னென்ன தெரியும் என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். மூன்று தாள். ஏதோ சும்மா எழுதிய பட்டியல் இல்லை மாமா, நிமிடக் கணக்கோடு எழுதியது. ஐந்தாம் நிமிடம்: துறைமுக அலுவலக மணிக்கூண்டு. பன்னிரண்டாம் நிமிடம்: ஹைகோர்ட்டின் உயர்ந்த கும்பம், அதன் உச்சியில் கலங்கரை விளக்கு. அதற்கு இடப்பக்கம் கோட்டைக் கொடிமரம். இன்னும் இடப்பக்கம் போனால் புதிதாகக் கட்டிய பதினாலு மாடிக் கட்டிடம், பிறகு பல்கலைக்கழகம், கடைசியில் சாந்தோம் கோயிலின் வெள்ளைக் கோபுரம். நாற்பதாம் நிமிடத்துக்கு மேல் எதையும் தேட வேண்டாம், தெரியாது, கீழே போய்த் தேநீர் குடிக்கவும் என்றுகூட எழுதியிருந்தேன். இதைவிடத் தெளிவாக ஒரு கணவன் மனைவிக்கு என்ன எழுத முடியும்?

ஆனால் பெரியம்மா இருக்கிறாரே! பயணம் புறப்பட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் குடும்பத்துப் பழக்கம் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். உச்சிப்புளியில் ரயில் ஏறும்போது இருவரும் கழுத்தில் சுளுக்கு விழுந்தவர்கள் போல நின்றதன் காரணமும் நேற்றுத்தான் விளங்கியது. "வீட்டுக்குத்தானே அந்த விதி, இது கப்பல்" என்று சொல்லிப் பார்த்தேன். "கப்பலுக்கு அந்த ஏணிதான் வாசப்படி. ஏணியத் தாண்டியாச்சு, இனி பின்னாடி பாக்கப்படாது. உங்க மாமாவும் கொழும்புக்குத் தோணியேறினா ஊருக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாக" என்றார். சுக்கான் பிடித்தவரும் அப்படித்தான் உட்கார்ந்தாரா என்று கேட்டேன். "உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு" என்றார். அதற்குள் எனக்கு இன்ஜின் அறையில் மணி அடித்துவிட்டது, கீழே ஓடிவிட்டேன். இனி நான் எழுதுவது எல்லாம் பிறகு மெஹருவும் இரண்டாம் அதிகாரியும் சொல்லித் தெரிந்தது.

கப்பல் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பியது. பின்தளத்தில் இரண்டு பேரும் கிழக்கே பார்த்து, வெறும் கடலைப் பார்த்து, உட்கார்ந்திருக்கிறார்கள். மற்ற பிரயாணிகள் அத்தனை பேரும் மேற்குப் பக்கம் கம்பியில் சாய்ந்து கைக்குட்டை ஆட்டுகிறார்கள். மெஹருவுக்கு என் பட்டியலையும் விட மனமில்லை, பெரியம்மாவையும் மீற மனமில்லை. பெட்டியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தாளாம். முதுகுப் பக்கம் சென்னைப் பட்டணம் முழுவதும் உள்ளங்கை அகலத்தில் தெரிந்திருக்கிறது. பெரியம்மாவும் யோசித்துவிட்டு, "கண்ணாடியில பாக்குறது பாக்குறதுல சேராது" என்று தீர்ப்புச் சொல்லி, தானும் தலையை நீட்டிவிட்டார். புத்திசாலித்தனந்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் இடம் வலமாகும், வலம் இடமாகும். எட்டாம் வகுப்புப் பாடம். கும்பத்துக்கு இடப்பக்கம் கொடிமரம் என்று நான் எழுதியது வலப்பக்கம் தெரிய, உங்கள் மகள் சொன்னது: "பெரியம்மா, மச்சானுக்கு எது சோத்துக் கை, எது பீச்சாங்கைன்னே தெரியல." பெரியம்மா சொன்னது: "இன்ஜினத் திருகுறவருக்கு எந்தக் கையா இருந்தா என்னடி."

அடுத்தது மணிக்கூண்டு. மணி அப்போது ஐந்து இருபது. கண்ணாடியில் அது ஆறு நாற்பதாகத் தெரியும், கடிகாரத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே புரியும். "யா அல்லாஹ், மஹ்ரிபுத் தொழுகை நேரம் வந்துருச்சே!" என்று பெரியம்மா பதறி, கை கால் கழுவி ஒளூச் செய்யத் தண்ணீர் தேடிப் போய்விட்டார். பொழுது சாய்ந்ததா இல்லையா என்று மேற்கே ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது. ஆனால் மேற்கு முதுகுப் பக்கம் ஆயிற்றே!

இதற்கிடையில் மெஹரு சாந்தோம் கோபுரத்தைத் தேடுகிறாள். கண்ணாடியை இப்படிச் சாய்க்கிறாள், அப்படித் திருப்புகிறாள், மறுபடி சாய்க்கிறாள். கண்ணாடிக்கு நேர் எதிரே மேற்கில் ஜூன் மாதத்து வெயில். கண்ணாடியிலிருந்து பளீர், பளீர், பளீர் என்று துறைமுகத்தை நோக்கி வெளிச்சம் போயிருக்கிறது. எங்கள் கப்பலை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் விசைப்படகில் திரும்பிக்கொண்டிருந்த பைலட், கப்பலில் ஏதோ ஆபத்து, அவசரமாகச் சைகை காட்டுகிறார்கள் என்று நினைத்துப் படகைத் திருப்பிவிட்டார். அவர் திரும்பி வருவதைப் பார்த்துக் கேப்டன், துறைமுகத்தில்தான் ஏதோ ஆபத்து போலும் என்று நினைத்துக் கப்பலை நிறுத்திவிட்டார். கீழே இருந்த எனக்கு என்ன தெரியும்? முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்கு ‘நிறுத்து’ என்று மணி வருகிறது. என் பம்ப்தான் பழுது என்று நினைத்து, அதன் மூடியைக் கழற்றி, கையைச் சுட்டுக்கொண்டு, அந்தப் பம்பைச் செய்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன். மேலே பைலட்டும் கேப்டனும் “உமக்கு என்ன வேண்டும்?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அந்த நேரத்தில் பெரியம்மா ஒளூவோடு வந்து தொழுகைப் பாயை விரித்தார். தொழ முகம் வைக்கும் கிப்லா எந்தப் பக்கம் மாமா? மேற்கு, சற்றே வடக்கே தள்ளி. அதாவது ஹைகோர்ட் இருக்கும் பக்கம். தொழ நின்றவர் கண்ணுக்கு நேரே கும்பத்துக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் சூரியன் ஜொலித்துக்கொண்டிருக்கிறது.

"அடியே மெஹரு! பொழுது இன்னும் விழலடி!"

அந்தச் சத்தத்தில் உங்கள் மகள் சட்டென்று திரும்பிவிட்டாள். பட்டணம் முழுவதையும் நேருக்கு நேர் பார்த்துவிட்டாள்.

"பாத்துட்டியா? போச்சு. பயணம் கெட்டுச்சு."

"நீங்களுந்தானே பாத்தீக பெரியம்மா."

"நான் கிப்லாவப் பாத்தேன். நீ ஊரப் பாத்தே."

இதற்கு மேல் என்ன வாதாடுவது? பைலட் படகு மறுபடி கரைக்குப் போனது. கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். எண்ணெய்க் கையோடு நின்றேன். எட்டு நிமிடம் நிறுத்தம், காரணம் நான்காம் பொறியாளர் மனைவியின் கைக்கண்ணாடி என்று பதிவேட்டில் எழுதியிருந்ததைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்தால் கோபம்போலவும் இருந்தது, சிரிப்பை அடக்குவதுபோலவும் இருந்தது.

ஏழு மணிக்கு அவர்கள் அறைக்குப் போனேன். பெரியம்மா, “சகுனம் தட்டிருச்சு மாப்பிள்ளை, நாகப்பட்டினத்துல எறங்கிருவோம்” என்று முடித்துவிட்டார். நான் மெஹருவிடம் கண்ணாடி விஷயத்தைப் படம் போட்டு விளக்கினேன். என் பட்டியலில் ஒரு பிழையும் இல்லை என்பதை நிரூபித்துக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, சுட்டுக்கொண்ட என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இதெல்லாம் நீங்க எத்தன தடவ பாத்திருக்கீக மச்சான்?"

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "ஒரு தடவையும் இல்லை" என்றேன். நான்கு வருடத்தில் ஐம்பத்து மூன்று முறை அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று முறையும் இன்ஜின் அறையில் இருந்தேன். கப்பல் கிளம்பும்போது நாங்கள் மேலே வர முடியாது. பட்டியலை இரண்டாம் அதிகாரியின் வரைபடத்தைப் பார்த்து, வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதினேன். இதைச் சொன்னதும் அவள் பட்டியலை மடித்து வைத்துவிட்டாள். பார்க்காததை எல்லாம் பார்த்ததுபோல் எழுதிய ஆளோடு பினாங்கு வரை எப்படிப் போவது என்றுதான் நினைத்திருப்பாள். எட்டு மணிக்கு நான் இன்ஜின் அறைக் காவலுக்கு இறங்கிப் போனேன். இன்று காலையில் போய்ப் பார்த்தால் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது என்ன இருக்கிறது? திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே மாமா, படகு கரை தொடும்போது அலையில் ஆடும், அவளைக் கைபிடித்து இறக்குங்கள். கப்பல் சாப்பாடு இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன், முதலில் நல்ல டிபன் வாங்கிக் கொடுங்கள். வழியில் யாரும் இவளைக் கேலி செய்யக் கூடாது, பெரியம்மாவிடமும் சொல்லிவையுங்கள். எட்டு நிமிடம் ஒரு கப்பலை நிறுத்தியவள் நம் ஊரில் வேறு யாரும் இல்லை. நான் இருபது நாளில் திரும்பிவிடுவேன். அதற்குள் என்மேல் கோபம் ஆறுமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள், தானாகத் தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். புதுமடத்தில் என் உம்மாவுக்கும் கேட்பவர் யாவருக்கும் என் ஸலாம் சொல்லவும். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நாகப்பட்டினத்திலிருந்து ஊர் வரைக்கும் பழுதாகாத இன்ஜினையும் தருவானாக. ஆமீன்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
சதக்கத்துல்லா

பி.கு. மணி ஏழு ஐம்பது. மேலே மெஹரு இறங்குகிறாள், சோதனை தோல்வி என்று எழுதியதை மட்டும் நம்ப வேண்டாம். படகில் பெரியம்மாவும், இருவர் துணியும் வைத்திருந்த பெட்டியும் மட்டும் வருகிறார்கள். பெட்டி லேசாக இருக்கும், பயப்படாதீர்கள். மெஹரு தன் துணிகளை எல்லாம் அதிலிருந்து எடுத்து என் அலமாரியில் அடுக்கிவிட்டாள். அதைத்தான் காலையில் நான் பார்த்திருக்கிறேன். ஏணிவரை வந்து பெரியம்மாவைப் படகில் ஏற்றிவிட்டு, இந்தக் கடிதத்துக்காகப் படகை நிற்கச் சொல்லி, என் அறைக்கு வந்தாள். "எறங்கலையா?" என்றேன். "நான் எறங்கிட்டா, பினாங்கு வரும்போதும் நீங்க கீழதானே இருப்பீக? மேல நின்னு பாத்து உங்களுக்கு யாரு சொல்றது?" என்கிறாள். நேற்று திரும்பியபோது பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். கோர்ட்டுக் கும்பம் செவப்பா, அடுப்புல கவுத்து வச்ச பானையாட்டம் இருந்துச்சாம். வரைபடத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை. இப்போதுதான் சாந்தோம் வரை வந்திருக்கிறாள், காவலுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ஆகவே இத்துடன் பேனாவை வைக்கிறேன், எழுதிக்கொண்டே கேட்டால் நிறுத்திவிடுவாளாம்.