இரண்டு உலைகள், ஒரு பேரன்

வெண்ணெயில் குத்திய கத்தியை ஆர்வோவால் திரும்ப எடுக்க முடியவில்லை. இழுத்தார். தட்டும் சேர்ந்து வந்தது.

சமையலறையில் நின்றபடி அதையே வெகுநேரம் பார்த்தார். எதிரே அவர் மனைவி லெம்பி கம்பளிக் கோட்டு, தொப்பி, கையுறை சகிதம் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஹெய்டி போன் பண்ணா. கிறிஸ்துமஸுக்கு வராளாம். எந்த வீடு கதகதப்பா இருக்கோ அங்கதான் பிள்ளையைப் படுக்க வைப்பாளாம்."

ஆர்வோ மேலே பார்த்தார். மாடியில் தொட்டில் தயாராக இருந்தது. இலையுதிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவரே செய்தது. பேரன் முதன்முதலாக வருகிறான். மகள் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர் அவள் மாமனார் வில்பர்ட்.

வெளியே போனார். இரு வீட்டுக்கும் நடுவில், எல்லைமேல் போட்ட ஒரே சிமெண்ட் மேடையில், ஒரே மாதிரி இரண்டு விறகு உலைகள் நின்றன. தகரக் குடிசை போல இருக்கும். உள்ளே நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். சூடேறிய தண்ணீர் பூமிக்கடியில் குழாய் வழியே போய் வீட்டுத் தரையைச் சூடாக்கும். சம்பந்திகள் சேர்ந்து வாங்கியவை. மான் வேட்டை தொடங்கிய வாரம், இருவரும் காட்டில் இருந்தபோது, குழாய் வேலை செய்கிற நெல்ஸ் வந்து குழாய் பதித்தான். கையோடு அவனும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தவர்கள் அவரவர் வீட்டுப் பக்கம் இருந்ததைப் பற்றவைத்தார்கள். அதில் பேச என்ன இருக்கிறது?

ஆர்வோவின் உலை உறுமியது. வில்பர்ட்டின் உலையில் புகை வருகிறதா என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் வில்பர்ட் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதில் பனியனோடு அவர் நின்றார்.

"என்ன சம்பந்தி, கோட்டும் தொப்பியுமா? வீட்டுக்குள்ளயே வேட்டைக்குக் கிளம்பிட்டீங்களா?"

ஆர்வோ தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். முழங்கால் ஆழப் பனியில் ஒரு மனிதன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்க்கிறான்.

விறகுதான் மோசம் என்று முடிவு செய்தார். பிர்ச் கட்டைகளை ஒதுக்கிவிட்டு, நன்றாகக் காய்ந்த மேப்பிளாகப் பொறுக்கிப் போட்டார். உலை சிவந்தது. வில்பர்ட் வீட்டில் இரண்டாவது ஜன்னலும் திறந்தது. ஆர்வோவின் வீட்டில் சமையலறைக் குழாய் உறைந்தது.

அடுத்து, சாம்பலும் தாரும் அடைத்திருக்கும் என்று தோன்றியது. உலைக் கதவை ஒரேயடியாகத் திறக்கக்கூடாது என்பது உலை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆர்வோ ஒரேயடியாகத் திறந்தார். நாக்கு நீட்டிய நெருப்பு அவருடைய இடது புருவத்தை எடுத்துக்கொண்டு போனது.

லெம்பி அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலது பக்கம் மட்டும் எப்பவும் ஆச்சரியமாப் பாக்குது," என்றாள்.

சனிக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் சம்பந்திகள் இருவரும் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் ஆவியில் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போதுதான் வில்பர்ட் வாயைத் திறந்தார். தன் உலைக்கு இப்போதெல்லாம் பேருக்கு ஒரு கட்டைதான் போடுவதாகவும், அதற்கே வீடு கொதிப்பதாகவும், ஆர்வோ உலைக்குத் தீனி அதிகமாகக் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆர்வோ வீட்டுக்கு வந்து, உலையின் சூட்டுத் திருகைக் கடைசி எண் வரை திருப்பிவைத்தார். இரவோடு இரவாக வரவேற்பறைச் சுவரின் உட்புறம் வெண்பனி படர்ந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்த லெம்பி, தன் அக்கா வீட்டுக்குப் போவதைப் பற்றி முதல்முறையாகப் பேசினாள்.

ஹெய்டி வந்தாள். கூடத்தில் நின்று குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், புருவம் இல்லாத இடத்தையும் பார்த்தாள். குழந்தையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜன்னல் வழியே ஆர்வோவுக்குத் தெரிந்தது: வில்பர்ட்டின் மடியில் பேரன், வெறும் இடுப்புத்துணியோடு கால் உதைத்துக்கொண்டிருந்தான்.

அவர் மாடிக்குப் போய்த் தொட்டிலை ஒருமுறை ஆட்டினார். பிறகு வெளியே போய் உலைமுன் நின்றார். கையில் இருந்த கட்டையைத் திரும்பக் குவியலிலேயே வைத்தார். அணையட்டும். இனி இதற்கு ஒரு சுள்ளிகூடக் கிடையாது.

மறுநாள் மத்தியானம் தட்டில் வெண்ணெய் சரிந்து கிடந்தது.

ஆர்வோ அதை உற்றுப் பார்த்தார். குனிந்து தரையைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். லெம்பி கோட்டைக் கழற்றினாள், கம்பளிச் சட்டையைக் கழற்றினாள், "அப்படி என்னங்க பண்ணீங்க?" என்றாள்.

ஆர்வோ ஓடிப்போய் உலையைத் திறந்து பார்த்தார். குளிர்ந்த சாம்பல். சத்தமில்லாமல் கதவை மூடிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இது யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கோட்டும் தொப்பியுமாக வில்பர்ட். பின்னால் ஹெய்டி, போர்வைச் சுருளுக்குள் குழந்தை.

"சம்பந்தி, எங்க வீடு திடீர்னு பனிக்கட்டி ஆயிடுச்சு. உலையில வாய் வரைக்கும் திணிச்சுட்டேன். போடப் போடக் குளிருது." வில்பர்ட் அறையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க என்ன, ஜூலை மாசமா?"

ஆர்வோ பேரனை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டார். குழந்தை அவருடைய ஒற்றைப் புருவத்தைப் பிடித்து இழுத்தது. அதனாலேயோ என்னவோ, வாழ்க்கையில் முதல்முறையாக நிறையப் பேசினார். உலைக்குப் பொறுமை முக்கியம் என்றார். ஒவ்வொருவர் கை அப்படி என்றார். தீனி கொடுப்பதில் ஒரு அளவு இருக்கிறது என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார். வில்பர்ட் தலைகுனிந்து கேட்டார். இடையிடையே எழுந்துபோய்த் தன் உலையில் இன்னும் நாலு கட்டை போட்டுவிட்டு வந்தார். அவர் போடப் போட ஆர்வோ வீடு இன்னும் சூடேறியது. லெம்பி ஜன்னலைத் திறந்தாள். பேரன் தாத்தா செய்த தொட்டிலில் தூங்கினான்.

வில்பர்ட் வரச்சொல்லியிருந்த நெல்ஸ் வெளியே இரண்டு உலைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, காலணிப் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். லெம்பி கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தான்.

"வில்பர்ட் அண்ணே, உங்க உலை செத்துப்போய் ஜில்லுனு கிடக்கு," என்றான்.

"யோவ், இப்பதானே ரொப்பிட்டு வந்தேன்!"

"நீங்க ரொப்பினது ஆர்வோ அண்ணனோடது. அடியில பாறை குறுக்க நின்னுச்சு, அதான் குழாயை ரெண்டு வீட்டுக்கும் மாத்தி விட்டேன்." நெல்ஸ் காபியை ஊதினான். "அது கிடக்கட்டும், இத்தனை நாளா உங்க உலைக்கு விறகு போட்ட புண்ணியவான் யாரு?"